குல்மார்க்: கயிற்றுக்கு அப்பால்

காஷ்மீரின் பனிச்சரிவுகளில் இறங்குகிறவர்களின் மணிக்கட்டில் இன்று ஜி.பி.எஸ். வாட்ச் கட்டாயம் போலாகிவிட்டது. எந்த வாட்ச் வாங்குவது என்பது ஒரு கேள்வி. அது எதைச் சொல்லாது என்பது இன்னொரு கேள்வி.

ஜனவரி மாதக் காலை. இரவு முழுக்கப் பெய்த பனி குல்மார்க்கின் தகரக் கூரைகள்மீது முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. கோண்டோலா நிலையத்தின் வாசலில் நீண்ட வரிசை. அதில் இரண்டு வகை மனிதர்கள். வாடகை ரப்பர் பூட்ஸும் வாடகைக் கோட்டுமாக வந்து, மேலே போய்ப் பனியில் புரண்டு, படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் ஸ்ரீநகர் திரும்பிவிடுகிறவர்கள் ஒரு வகை. பெரும்பான்மை அவர்கள்தான். இன்னொரு வகையினர் தோளில் அகலமான சறுக்குப் பலகைகளைச் சுமந்திருக்கிறார்கள். முதுகுப் பையில் கழற்றி மாட்டும் மண்வெட்டி, மடக்கிய உலோகக் கோல். கதவருகே வருமுன் இந்த இரண்டாவது வகையினர் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். இடது கையுறையைச் சற்றே விலக்கி, வாட்சின் பொத்தான் ஒன்றை அழுத்திவிட்டு, திறந்த வானத்தின் கீழ் அரை நிமிடம் அசையாமல் நிற்கிறார்கள்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை அந்த வாட்ச் தேடுகிறது. போதுமான அளவு கிடைத்ததும் மணிக்கட்டில் லேசாக அதிரும். அதன் பிறகு அன்றைய ஏற்றம், இறக்கம், வேகம், தடம் எல்லாமே பதிவாகத் தொடங்கும். இதற்காக ஒரு லட்சம் ரூபாயை எட்டும் விலை கொடுத்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. பெங்களூரிலோ டெல்லியிலோ உள்ள குளிரூட்டப்பட்ட கடையில் அதை வாங்கியபோது விற்பனையாளர் காட்டியிருக்கக்கூடியவை இதயத் துடிப்பு, உறக்கத்தின் தரம், கடையில் பணம் செலுத்தும் வசதி. இன்னும் அரை மணி நேரத்தில் அவர்கள் போய்ச் சேரப்போகும் இடத்தில் இவற்றில் எதற்கும் பெரிய வேலையில்லை.

மலர்வெளியும் மலைமுகடும்

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில் கிண்ணம்போல் கிடக்கிறது குல்மார்க். பெயருக்கு மலர்வெளி என்று பொருள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் கோடையில் கோல்ஃப் ஆட வந்த இடம். 1927ல் அவர்களே இங்கு இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின், 1948ல் காஷ்மீர்ப் போரின்போது ராணுவம் இங்கே பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தது. அதுதான் வளர்ந்து இன்று ஹை ஆல்டிட்யூட் வார்ஃபேர் ஸ்கூல் என்ற உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக இருக்கிறது.

ஊரின் தலைவிதியை மாற்றியது கோண்டோலா. குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998ல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து அபர்வாட் முகட்டின் தோள்வரை, சுமார் 3,950 மீட்டருக்கு, இரண்டாவது கட்டம் 2005ல் திறந்தது. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மலிவான கட்டணத்தில், இவ்வளவு பனிக்கு மனிதனைக் கொண்டுபோய்விடும் கம்பிவடம் உலகில் அரிது. ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சறுக்குக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அண்மைக் காலத்தில் மும்பை, புனே, பெங்களூர்க்காரர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.

மேலே இறங்கியதும் மலை இரண்டாகப் பிரிகிறது. கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள சரிவுகளை மீட்புக் குழுவினர் பரிசோதித்து, தேவைப்பட்டால் வெடி வைத்து நிலையற்ற பனியைச் சரித்துவிட்டு, அதன் பிறகே திறக்கிறார்கள். அந்த எல்லையில் கயிறும் எச்சரிக்கைப் பலகையும் நிற்கும். கயிற்றுக்கு அப்பால் இருப்பதைத்தான் சறுக்குக்காரர்கள் பேக்கன்ட்ரி என்கிறார்கள். அங்கே மலைக்குக் காவல் இல்லை. அங்கு போகிறவர்கள் பலகையின் அடியில் 'ஸ்கின்' எனப்படும் பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னே தள்ளினால் வழுக்கி, பின்னே இழுத்தால் பிடித்துக்கொள்ளும் இந்தப் பட்டை ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்யப்பட்டது. இப்போது நைலான் அல்லது மோஹேர் ஆட்டுரோமம். அதை ஒட்டிக்கொண்டு மேலேறி, உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் தொடாத பனியில் கீழே இறங்குவதற்குப் பெயர் ஸ்கீ டூரிங். அபர்வாட்டிலிருந்து தேவதாருக் காடு வழியாகப் பாபா ரேஷி தர்காவுக்கோ, துருங் கிராமத்துக்கோ, 2,200 மீட்டருக்கும் தாழ்ந்த தங்மார்க்குக்கோ இறங்கிவிடலாம். ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம்.

வாட்சுக்கு உண்மையான பரீட்சை இங்கேதான்.

குளிர் தின்னும் மின்சாரம்

முதலில் தோற்பது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வினை குளிரில் மந்தமாகிறது. உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும். வெளியே கொடுக்க முடியாது. முகட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில், கோட்டின் பையில் வைத்த செல்போன் 40 சதவிகிதத்திலிருந்து சட்டென்று அணைந்துபோவது அங்கு சகஜம். தோலோடு ஒட்டிக் கிடக்கும் வாட்சுக்கு உடம்புச் சூட்டின் புண்ணியத்தில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் நேரம் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதைக் கோட்டின் கைமேல் கட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதயத் துடிப்பை அளக்கும் பச்சை விளக்குக்கும் வேலையில்லாமல் போகும்.

எனவே தயாரிப்பாளர்கள் சொல்லும் மணிக்கணக்கைப் பாதியாக்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். 2022ல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவுக்குச் சாதாரண உபயோகத்தில் 36 மணி நேரம் என்றார்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது போதும். கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குகிறவருக்குப் போதாது. பின்லாந்தின் சூன்டோ நிறுவனம் 2023ல் கொண்டுவந்த 'வெர்டிகல்' மாடலுக்கு, மிகத் துல்லியமான இரட்டை அலைவரிசையில் தொடர்ந்து பதிவு செய்தாலும் 60 மணி நேரம் என்ற கணக்கு. கோரோஸின் 'வெர்டிக்ஸ் 2' (2021) சாதாரண ஜி.பி.எஸ். பதிவில் 140 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்டது. கார்மினின் 'ஃபீனிக்ஸ்', 'எண்டூரோ' வரிசைகளில் கண்ணாடியிலேயே சூரிய மின்தகடு உள்ள மாடல்கள் உண்டு. கோட்டின் கைக்குள் மறைந்து கிடக்கும் வாட்சுக்குச் சூரியன் எட்டாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

திரையும் இதில் ஒரு கட்சி. செல்போன்போல் பளிச்சென்று மின்னும் அமோலெட் திரை கடையில் கண்ணைப் பறிக்கும். தொடர்ந்து எரிந்தால் பேட்டரியைக் குடிக்கும். வெளியொளியைப் பிரதிபலித்தே தெரியும் மங்கலான பழைய பாணித் திரை கடையில் சோனியாக இருக்கும். வெயிலில் வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் பனிவெளியில் அதுவே நன்றாகப் படிக்க முடிகிற திரை. விரல் தொட்டு நகர்த்தும் வசதியும் அப்படித்தான். தடித்த கையுறைக்கு அது வசப்படாது. உருகிய பனித்துளி பட்டால் தானாகப் பக்கம் மாறும். ஐந்து பொத்தான்களால் எல்லாக் காரியத்தையும் செய்ய முடிகிறதா என்பதைக் கடையிலேயே கையுறை போட்டுக்கொண்டு அழுத்திப் பார்ப்பதுதான் உத்தமமான சோதனை. சென்னைக் கடையில் ஏப்ரல் மாதம் கையுறையோடு நிற்பவரை நாலு பேர் வேடிக்கை பார்க்கலாம். பரவாயில்லை.

காற்றின் எடை

இரண்டாவது தேவை, காற்றழுத்தமானி. ஜி.பி.எஸ். உயரத்தையும் சொல்லும் என்றாலும், கிடைமட்ட இடத்தைவிட உயரத்தில் அதன் பிழை அதிகம். நல்ல மலை வாட்சில் சிறு அழுத்தமானி ஒன்று தனியாக இருக்கும். உயரம் போகப்போகக் காற்று மெலிவதை அளந்து மீட்டராக மாற்றிக் காட்டும். கடல் மட்டத்தில் ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று அர்த்தம். அபர்வாட்டின் உயரத்தில் அதே ஒரு மில்லிபார் 12 மீட்டருக்குச் சமம்.

சிக்கல் என்னவென்றால் வானிலை மாறினாலும் காற்றழுத்தம் மாறும். கூடாரத்தில் தூங்கி எழுந்தவரின் வாட்ச், இரவில் 60 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டினால் அவர் தூக்கத்தில் நடக்கவில்லை. அழுத்தம் 5 மில்லிபார் இறங்கியிருக்கிறது. காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறு நெருங்குகிறது என்று பொருள். பொய்யான அந்த 60 மீட்டர், அன்றைய தினத்தின் மிக உபயோகமான செய்தியாக இருக்கக்கூடும். அழுத்தம் வேகமாக இறங்கினால் ஒலிக்கும் புயல் எச்சரிக்கை பெரும்பாலான மலை வாட்சுகளில் இருக்கிறது. குல்மார்க் நிலையத்திலேயே உயரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பாதவருக்கு அன்று முழுக்க எல்லா எண்களும் தப்பு.

ரத்த ஆக்ஸிஜன் அளவீட்டை நம்பி வாங்குவது வீண். 2,650 மீட்டரிலிருந்து 3,950 மீட்டருக்குச் சில நிமிடங்களில் தூக்கிவிடும் கோண்டோலாவின் மேல்முனையில், காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவிகிதத்துக்குச் சற்றே அதிகம். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் கீழே இறங்க வேண்டும். குளிரில் ரத்த ஓட்டம் குறைந்த மணிக்கட்டில் அளந்த எண் 'பரவாயில்லை' என்று சொன்னாலும் இறங்கத்தான் வேண்டும்.

கோடு போட்ட பாதை

மூன்றாவது தேவை, செல்போன் தொடர்பில்லாமல் வாட்சிலேயே திறக்கும் வரைபடம். பீர் பஞ்சாலின் மடிப்புகளில் சிக்னலை நம்ப முடியாது. தவிர, வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் கார்டுகளுக்கு ஜம்மு காஷ்மீரில் பல ஆண்டுகளாக ரோமிங் கிடைத்ததில்லை. போஸ்ட்பெய்ட் மட்டுமே கைகொடுத்திருக்கிறது. ஜி.பி.எஸ்.ஸுக்கு சிம் தேவையில்லை. அது கேட்கும் கருவி, பேசும் கருவியல்ல. எனவே வரைபடத்தையும், போகவேண்டிய தடத்தையும் ஓட்டல் அறையின் வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வரைபடத்தின் ஜாதகத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. இலவச வரைபடங்களில் இமயமலைப் பகுதிக்குக் காணும் உயரக் கோடுகளில் பெரும்பாலானவை, 2000 பிப்ரவரியில் 'எண்டவர்' விண்கலம் ரேடார் மூலம் பூமியை அளந்த தகவலிலிருந்து வரைந்தவை. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே சுமார் 30 மீட்டர். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இருந்தால், வரைபடம் அதை வழவழப்பான சரிவாகக் காட்டிவிடும். திரையில் கோடு அழகாக வளைந்து போகும். காலடியில் பூமி இருக்காது.

'வந்த வழியே திரும்பு' என்ற வசதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூடுபனியில் வானமும் தரையும் ஒன்றாகி, எது மேடு எது பள்ளம் என்று தெரியாமல் போகும்போது, திரையில் தெரியும் அந்தப் புள்ளிக்கோடு தெய்வம்போல் தோன்றும். பல பேரைக் கரைசேர்த்தும் இருக்கிறது. ஆனால் நல்ல வாட்சிலும் ஐந்து, பத்து மீட்டர் பிழை சாதாரணம். சமவெளியில் அது ஒரு வீட்டின் அகலம். முகட்டின் விளிம்பில், காற்று அடித்துச் சேர்த்த பனி கூரை இறவாரம்போல் வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த ஐந்து மீட்டர்தான் திடமான தரைக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள வித்தியாசம்.

பிழையைக் குறைக்கத்தான் இரட்டை அலைவரிசை. பாறைச் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை, இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு வாட்ச் ஓரளவு வடிகட்டுகிறது. குறுகிய பள்ளத்தாக்குகளில் வித்தியாசம் தெரியும். வாங்குபவர் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த அம்சங்களில் இது ஒன்று.

யாருடைய செயற்கைக்கோள்?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தவறு வரும். 1999 கார்கில் போரில் இந்தியாவுக்குத் தேவைப்பட்ட ஜி.பி.எஸ். தகவலை அமெரிக்கா தர மறுத்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. சொந்த வழிகாட்டி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அந்தப் பின்னணியில்தான். 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோள் போனது. 2016ல் அந்த அமைப்புக்கு 'நாவிக்' என்று பெயர் சூட்டினார் பிரதமர் மோடி.

குல்மார்க்கில் நிற்பவரின் வாட்சில் நாவிக் ஏன் எளிதில் இடம்பெறவில்லை என்பதற்குக் காரணம் அலைவரிசை. முதல் தலைமுறை நாவிக் பயன்படுத்தியது எல்-5, எஸ் ஆகிய அலைவரிசைகளை. கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளின் சில்லுகள் எல்-1 என்ற பொது அலைவரிசையைக் கேட்கவே பழகியவை. இறக்குமதி செய்த அணுக் கடிகாரங்கள் அடுத்தடுத்துப் பழுதானது இன்னொரு சோதனை. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01 இரண்டுக்கும் பரிகாரமாக வந்தது: எல்-1 சிக்னலும் உண்டு, உள்நாட்டில் செய்த ருபிடியம் அணுக் கடிகாரமும் உண்டு. அடுத்த என்.வி.எஸ்.-02, 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் 100வது ஏவுதலாகக் கிளம்பியும், உரிய சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் போனது. ஆகவே இப்போதைக்கு இந்தியச் சறுக்குக்காரரும் அமெரிக்க, ஐரோப்பிய, ரஷ்ய, சீனச் செயற்கைக்கோள்களின் தயவில்தான் அபர்வாட் இறங்குகிறார்.

அந்தத் தயவும் எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், குறிப்பாக அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், விமானங்களின் ஜி.பி.எஸ்.ஸில் குறுக்கீடு ஏற்பட்ட 465 சம்பவங்கள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. காகித வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் பழங்காலச் சாமான்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சூன்டோ நிறுவனமே 1936ல் தொடங்கியது திரவம் நிரப்பிய திசைகாட்டி செய்யத்தான்.

எல்லையின் சட்டம்

விலையுயர்ந்த புதிய மாடல்களின் பெரிய கவர்ச்சி, செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் வசதி. 2025 செப்டம்பரில் கார்மினும் ஆப்பிளும் அதை வாட்சுக்குள்ளேயே கொண்டுவந்தன. ஆல்ப்ஸ் மலையில் போகிறவருக்கு இது உயிர் காக்கும் அம்சம். இந்தியாவில் கதை வேறு.

2008 மும்பைத் தாக்குதலில் தீவிரவாதிகள் செயற்கைக்கோள் போன் பயன்படுத்திய பின், உரிமம் இல்லாத இத்தகைய கருவிகள்மீது அரசின் பிடி இறுகியது. பேசும் போன் மட்டுமல்ல, குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் மலையேற்றக் கருவியும் இதில் அடங்கும். 2024 டிசம்பரில் அப்படி ஒரு கருவியுடன் வந்த வெளிநாட்டுப் பயணி கோவா விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். 2025 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயணிகளுக்கு இந்தத் தடையைத் தெரிவிக்கும்படி விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே இருக்கும் குல்மார்க்கில், அதுவும் 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டதற்குப் பிறகு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள யாரும் தயாரில்லை. உரிமம் இல்லாமல் உபயோகிக்க முடியாத வசதிக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது, குல்மார்க்கை மனதில் வைத்து வாங்குபவருக்கு நஷ்டக் கணக்கு. அனுமதி இல்லாத கருவியைப் பையில் ஒளித்து எடுத்துப்போவது அதைவிட மோசமான கணக்கு.

இன்னொன்றும் உண்டு. வாட்ச் பதிவு செய்யும் தடத்தை உலகமே பார்க்கும்படி வலைத்தளத்தில் ஏற்றுவது சறுக்குக்காரர்களின் பெருமை. 2018 ஜனவரியில், 'ஸ்ட்ராவா' என்ற செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே இருந்த ராணுவ முகாம்கள் அங்கு ஓடிய சிப்பாய்களின் தடங்களால் ஒளிர்ந்தது பெரிய சர்ச்சையானது. ராணுவம் நிறைந்த எல்லை மலையில் தடத்தைத் தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்வதே விவேகம்.

சரிவு சொல்லாத ரகசியம்

இத்தனையும் சரியாகத் தேர்ந்தெடுத்த வாட்சாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இந்தச் சரிவு நிற்குமா, சரியுமா?

2010 பிப்ரவரி 8 அன்று, குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள்மீது பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். மலைப்போர் கற்க வந்தவர்கள், ஆசிரியர்களும் உடனிருந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாட்டின் ஹபத்குட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, மீண்டும் கிலன்மார்க் பகுதியில், ரஷ்யக் குழுவைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். உடன் வந்தவர்கள் மீட்கப்பட்டார்கள்.

உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. துரதிருஷ்டவசமாக, சறுக்க ஆனந்தமான சாய்வும் அதுவே. பழைய பனியில் பலவீனமான அடுக்கு ஒன்று உள்ளே மறைந்திருக்கும். அதன்மேல் புதிய பனியைக் காற்று கெட்டியாக அடுக்கியிருக்கும். ஒரு மனிதனின் எடை போதும். மேலடுக்கு மொத்தமும் பலகை பலகையாக உடைந்து கிளம்பும். முந்தைய வாரம் வெயில் அடித்ததா, எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது, நேற்று எத்தனை அடி பெய்தது என்பதையெல்லாம் தெரிந்தவர்தான் அதை ஊகிக்க முடியும். 2024 ஜனவரியில் நடந்ததுபோல் வாரக்கணக்கில் பனியே பெய்யாமல் வறண்டு, பிறகு ஒரேயடியாகக் கொட்டும் பருவங்களில் அந்த ஊகம் இன்னும் கடினம். ராணுவ ஆராய்ச்சித் துறையின் கீழுள்ள சண்டிகர் நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் படித்துவிட்டு, உள்ளூர் வழிகாட்டியைக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தாண்ட வேண்டும்.

சரிந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு. சுவிட்சர்லாந்தின் 40 ஆண்டு விபத்துப் பதிவுகளை அலசி 2024ல் வெளியான ஆய்வின்படி, பனிக்குள் முழுவதும் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் 10ல் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு அரை மணிக்குள் எடுக்கப்பட்டவர்களில் பிழைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கீழேயிருந்து மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதாது. காப்பாற்ற முடிந்தவர், பக்கத்தில் நிற்கும் தோழர் மட்டுமே. அவருக்குத் தேவை மூன்று சாமான்: உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் டிரான்ஸ்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் கோல், மண்வெட்டி. மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல வாட்சைவிட மலிவு.

வாட்ச் இங்கே தடையாகவும் ஆகலாம். அதன் மின்காந்த இரைச்சல் டிரான்ஸ்ஸீவரைக் குழப்பக்கூடும். எந்த மின்னணுச் சாமானும் டிரான்ஸ்ஸீவரிலிருந்து சாதாரண நேரத்தில் 20 செ.மீ. தள்ளியும், புதைந்தவரைத் தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது லட்ச ரூபாய் வாட்ச் கட்டிய கையால் தேடக்கூடாது.

அனுபவமுள்ளவர்கள் வாட்சை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். திரும்பவேண்டிய நேரத்துக்கு அலாரம். அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இன்னொரு அலாரம். ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் ஏற முடிகிறதா என்று ஒரு கண். முடியவில்லையென்றால் குழுவில் யாரோ களைத்துவிட்டார்கள். உச்சியை மறந்துவிட்டுத் திரும்ப வேண்டும். சாகசம் எதுவுமில்லாத இந்தக் கணக்குகளுக்கு நடுத்தர விலையில் கிடைக்கும் வாட்சே போதும். குளிர் தாங்கும் பேட்டரி, அழுத்தமானி, பொத்தான்கள், உள்ளே ஏற்றிய வரைபடம். மிச்சமாகும் பணம் வழிகாட்டியின் கூலிக்கும் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் ஆகும்.

இரண்டாம் கட்டத்தின் மேல்முனையில் கதவு திறக்கிறது. காற்று முகத்தில் அறைகிறது. கீழே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு முழுதும் மேகம்; வானம் தெளிவாக இருந்தால் வடக்கே தொலைவில் நங்கா பர்வதம் தெரியும். கயிற்றின் அருகே குழு நிற்கிறது. வழிகாட்டி பத்தடி முன்னே போய் நின்று, தன் டிரான்ஸ்ஸீவரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து வரச் சொல்லிச் சைகை காட்டுகிறார். ஒருவர் வருகிறார்; பீப் என்கிறது. அடுத்தவர், பீப். ஒருவர் கடக்கும்போது சத்தம் இல்லை. கோட்டைத் திறந்து பார்த்தால் கருவியை முடுக்க மறந்திருக்கிறார். அவருடைய மணிக்கட்டில் வாட்ச் மட்டும் உயரம், திசை, வேகம், நேரம் எல்லாவற்றையும் பிசகில்லாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கருவியை முடுக்கிவிட்டுத் திரும்ப நடக்கும்வரை காத்திருக்கிறார்.

பீப்.